பர்மாவிலிருந்து நம்மை விரட்டினார்கள் என்பது முழுக் கதையா, பாதிக் கதையா?

பள்ளத்தூர்ப் பேத்தி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செட்டியார்கள், பாட்டையா காலத்தில் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் வீடு பள்ளத்தூர் பக்கத்தில் ஒரு ஊர். பெரிய வளவு வீடு, இருபத்து மூன்று புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பாத்தியதை, அதனால் ஒரு ஓடு மாற்றுவதென்றாலும் இருபத்து மூன்று பேரைக் கேட்க வேண்டும் (அது தனிக் கதை). போன தை மாதம் தம்பி கல்யாணத்துக்காக இரண்டாம் கட்டில் பூட்டியே கிடந்த ஓர் அறையைத் திறந்து கூட்டினோம். மங்குச் சாமான், ரசம் போன கண்ணாடி, எலி கடித்த தடுக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு பேரேடும், நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டுக் காகிதமும் இருந்தன. காகிதங்களில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரை, மற்றதெல்லாம் சுழித்துச் சுழித்து பர்மிய எழுத்து. பேரேடு தமிழ்தான். ஆனால் தொகையெல்லாம் தமிழ் எண்ணில் இருக்கிறது, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒரு பக்கத்தின் தலையில் சிவமயம், பிரஜோற்பத்தி வருஷம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாக மவுங் என்று தொடங்கும் பெயர்கள், மா என்று தொடங்கும் பெயர்கள், எல்லாம் பர்மியர் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஏக்கர்க் கணக்கு. வேறு பக்கங்களில் எல்லாம் ரூபாய், அணா, வட்டி என்று போகிறது. இந்தப் பக்கத்திலிருந்துதான் ஏக்கர் வருகிறது.

அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண் சரியாகத் தெரியாது, தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பர்மாக்காரன் புடுங்கிக்கிட்ட நெலம் ஆத்தா. ஒங்க பாட்டையா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சம்பாரிச்சது. கட்டுன துணியோட வெரட்டிவிட்டுட்டானுக" என்றார்கள். சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்லும் கதைதான் இது.

இதை ஏன் இங்கே கேட்கிறேன் என்றால், நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு பர்மியப் பெண், ஐராவதி டெல்டாவில் மௌபின் பக்கம். நன்றாகப் பழகுவாள், ஞாயிற்றுக்கிழமை பெனின்சுலா பிளாசாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மொஹிங்கா வாங்கிக் கொடுப்பாள். ஊரிலிருந்து திரும்பியதும் பெருமையாகப் பேரேட்டைப் போனில் காட்டி, எங்கள் பாட்டையா உங்கள் ஊரில்தான் தொழில் பண்ணினார் என்றேன். அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "சித்தீ?" என்றாள். செட்டி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: அவள் பாட்டனாரின் அப்பா தன் வயலை ஒரு சித்தீயிடம் விட்டுவிட்டு, அதே வயலில் குத்தகைக்கு உழுதாராம். அவர்கள் வீட்டில் அந்தக் கதைக்கு முடிவு, சித்தீ ஓடிப்போனான் என்பது.

அவள் கோபப்படவில்லை. மறுநாள் வழக்கம்போல டீ குடிக்கக் கூப்பிட்டாள். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

பெரியவர்கள் சொல்லுங்கள். நம்மை விரட்டியது இன வெறுப்பா, நிலத் தகராறா? அந்தப் பிரஜோற்பத்திப் பக்கம் என்ன சொல்கிறது? கடைசியாக, அந்தப் பர்மியக் காகிதங்களுக்கு இன்றைக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று சித்தப்பா கேட்கச் சொன்னார், நான் கேட்கவில்லை.

---

ஐந்தொகை எழுதியது:

முதல் வேலையாகப் பேரேட்டை மடக்காமல் படுக்க வைத்து, நடுவில் நல்ல வெள்ளைத் தாள் வையுங்கள் ஆத்தா. வெயிலில் காயவைக்கிறேன் என்று முற்றத்தில் போட்டு எங்கள் வீட்டில் ஒன்றைப் பொடியாக்கினார்கள்.

நான் தேவகோட்டைக்காரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், பழைய கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரஜோற்பத்தி என்பது 1931 சித்திரை முதல் 1932 பங்குனி வரை. ரூபாய்க் கணக்கு ஏக்கர்க் கணக்காக மாறியது அந்த வருஷம் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் கீழ் பர்மா முழுக்க அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். வெள்ளைக்காரன் கீழ் பர்மாவை 1852இல் பிடித்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. டெல்டா அப்போது காடும் சதுப்பும். அதை வெட்டித் திருத்தி வயலாக்க பர்மியக் குடியானவனுக்கு மாடு வேண்டும், விதை வேண்டும், ஆள்கூலி வேண்டும். வெள்ளைக்கார வங்கி அவனுக்கு ஒரு காசு கொடுக்காது. கொடுத்தது நம் ஆட்கள். கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று நம் பக்கம் சொல்வோமே, அது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி, யோசித்துப் பாருங்கள். சொந்த முதல், கோயில் பணம், ஆச்சிமார் பணம், ஒருவருக்கொருவர் கொடுத்துவாங்கும் தவணைப் பணம், வங்கியில் எடுத்த பணம், எல்லாம் அதில் சேர்த்தி. உள்ளூர் பர்மிய வட்டிக்காரர்களைவிட நம்மவர்கள் வட்டி குறைவுதான், அதையும் குழு பதிவு செய்திருக்கிறது.

ரங்கூனில் முகல் தெருவில் கிட்டங்கி. ஒரே பெரிய கூடம், அதில் பல விலாசங்கள் (வட்டிக்கடைகள்), ஆளுக்கொரு பாயும் கைப்பெட்டியும். பகலில் அந்தப் பாயில்தான் லட்சக் கணக்கில் கொடுக்கல் வாங்கல், இரவில் அதே பாயில்தான் படுக்கை. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, அப்புறம் மேலாளாகி, கடைப் பொறுப்பு பார்க்கும் ஏஜெண்டு ஆவான். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பெரும்பாலும் கூட்டிப்போக மாட்டார்கள்.

1930இல் உலகம் பூராவும் மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே போனது. குடியானவனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலத்தை விட்டுக்கொடுத்தான். கீழ் பர்மாவில் நெல் விளையும் முக்கிய ஜில்லாக்கள் 13. அவற்றில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 100க்கு 6. 1937-38இல் 100க்கு 25. சுமார் 24 லட்சம் ஏக்கர். ஏழெட்டு வருஷத்தில்.

இதில் ஒன்றை மனசாட்சிப்படி சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு நிலத்தில் ஆசை இல்லை. கடன் கொடுத்தவனுக்கு வேண்டியது ரொக்கம். நிலம் கையில் சிக்கிக்கொண்டது என்பதுதான் சரி, அந்த நிலத்தை அன்றைக்கு வாங்குவதற்கும் ஆள் கிடையாது, விலையும் கிடையாது. ஆனால் மௌபின் குடியானவன் பார்வையில் இது எதுவும் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது, நேற்று வரை தன் பெயரில் இருந்த வயல் இன்றைக்கு வேட்டி கட்டி விபூதி பூசிய ஒருவன் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான். உங்கள் தோழி வீட்டுக் கதை பொய்யாக இருக்காது. உங்கள் பேரேட்டில் அந்தப் பெயர் இருந்தாலும் இருக்கும்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: பர்மா சுதந்திரம் அடைந்தது 1948 ஜனவரி 4, அதே வருஷம் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டலாம், அவ்வளவுதான். நஷ்டஈடு என்று பத்திருபது வருஷம் டில்லிக்கும் ரங்கூனுக்கும் மனுப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தபால் தலைச் செலவுதான் மிச்சம்.

---

ஓ.சிறுவயல் ரோடு எழுதியது:

ஆச்சி, தப்பாக நினைக்காதீர்கள். தலைப்பில் 'நம்மை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நம்மில் யார் யாரெல்லாம் சேர்த்தி?

நாங்கள் செட்டியார் இல்லை. எங்கள் ஐயா பதினாறு வயதில் ஒரு முதலாளி வீட்டுச் சிபாரிசில் கிட்டங்கிக்குச் சமையலாளாகப் போனவர். ஒவ்வொரு கடைக்கும் சமையலாள், எடுபிடி, கணக்கப்பிள்ளை என்று இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் போயிருக்கிறது. ஆயிரம் சன்னல் வீடு, பர்மாத் தேக்குத் தூண் என்று எல்லோரும் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள், எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது ஒரு அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டியும் காலில் ஒரு புண்ணும்தான். அந்தப் புண் கடைசி வரை முழுதாக ஆறவில்லை.

1931 சென்சஸ்படி பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான், பர்மியர்கள் தங்கள் தலைநகரத்திலேயே சிறுபான்மை. அந்தப் பத்து லட்சத்தில் செட்டியார் எத்தனை பேர்? ஒரு துளி. மிச்சமெல்லாம் துறைமுகக் கூலி, ரிக்‌ஷா இழுப்பவன், தோட்டி, அறுவடைக்குப் போகிறவன். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்காரன் பர்மியரை வேலைக்குப் பிடித்தான். சமரசம் ஆனதும் பர்மியரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தெலுங்கரைத் திரும்ப எடுத்தான். தெருவில் வெட்டுக் குத்து. செத்தவர்கள் பெரும்பாலும் மூட்டை தூக்கியவர்கள். நிலம் யார் பெயரிலோ இருந்தது, அடி யார் முதுகிலோ விழுந்தது.

அப்புறம் 1941 டிசம்பர் 23. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டான். கையில் காசும் ஏஜெண்டு தயவும் இருந்தவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. கிடைக்காதவர்கள் நடந்தார்கள். நாலைந்து லட்சம் பேர் தரை வழியாகக் கிளம்பினார்கள் என்று கணக்கு. வழியில் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று இன்று வரை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. எங்கள் ஐயா போனது புரோம் வழி. அங்கிருந்து அரக்கான் மலையைத் தாண்டி தௌங்குப், அங்கிருந்து படகில் அக்யாப், அப்புறம் சிட்டகாங். மலைப் பாதையில் தண்ணீர் கிடையாது, இருந்த இடத்தில் காலரா. ஒரு குட்டையில் மேலே ஒரு ஆள் செத்துக் கிடந்தான், கீழே நாங்கள் தண்ணீர் மொண்டோம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஆயா அதட்டி நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இனம் என்று கேட்டீர்கள் இல்லையா, அதையும் சொல்கிறேன். வடக்கே தாமு, இம்பால் வழியாக வந்தவர்களுக்கு வெள்ளைக்காரனுக்கு ஒரு முகாம், நம் ஆட்களுக்கு வேறு முகாம். வெள்ளை வழி, கறுப்பு வழி என்றே பேச்சு இருந்தது, காங்கிரஸ் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. விரட்டியவன் பர்மியன் மட்டும்தானா? கூட ஓடிவந்த வெள்ளைக்காரனும் நம்மை ஒரு வரிசை பின்னால்தான் நிறுத்தினான்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது அடுத்தாள் எங்கள் ஐயாவிடம் கடைக் கணக்கு ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்து, முதலாளி வீட்டில் சேர்த்துவிடு என்றாராம். அரிசி மூட்டையைப் பாதி வழியில் போட்டுவிட்டார், இதைப் போடவில்லை. முதலாளி கப்பலில் வந்தார், பேரேடு நடந்து வந்தது. கொண்டுபோய்க் கொடுத்ததற்கு முதலாளி வீட்டில் ஒரு வேட்டியும் பத்து ரூபாயும் கொடுத்தார்கள். எங்கள் ஐயா அதைக் குறையாகச் சொன்னதில்லை, பெருமையாகத்தான் சொல்வார். எனக்குத்தான் வயிறு எரியும்.

---

வெளிப்படையாக எழுதியது:

இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் நாமே குற்றவாளி என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. நெல் விலையை இறக்கியது செட்டியாரா? பெரிய ஆங்கிலேய அரிசிக் கம்பெனிகள் நாலு ஒன்று கூடி வாங்கும் விலையை அமுக்கி வைத்திருந்தன. அவனை எந்தப் பர்மியனும் பார்த்ததே இல்லை, அவன் ரங்கூனில் கிளப்பில் உட்கார்ந்திருந்தான். கிராமத்தில் தெரிந்த முகம் செட்டியார் முகம். அடி வாங்கினார். மலாயாவிலும் இதேதான், செட்டியார் கைக்கு மலாய்க்காரன் நிலம் போகக்கூடாது என்று 1933இல் வெள்ளைக்காரன் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கினான். காட்டை அழித்து ரப்பர் போட்ட வெள்ளைக்காரத் தோட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

---

ஐந்தொகை எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. வெள்ளைக்காரன் முகம் தெரியாமல் இருந்தான் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தான், நாம் உட்கார்ந்திருந்தோம். கோர்ட்டும் போலீசும் பத்திரப் பதிவும் அவனுடையது, அது இல்லாமல் நம் ஈட்டுப் பத்திரத்துக்கு மதிப்பு ஏது? 1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் பர்மியக் குடியானவர் கிளர்ச்சி கிளம்பியபோது அதை அடக்கியதும் வெள்ளைக்காரன் பட்டாளம், அதில் நிறைய இந்தியச் சிப்பாய்கள். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். அதுவும் பிரஜோற்பத்தி வருஷம்தான்.

---

பர்மா காலனி 3வது தெரு எழுதியது:

ஐந்தொகை ஐயா நாற்காலி என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்மிய மொழியில் நாற்காலிக்குப் பெயர் என்ன தெரியுமா? கலா தாய்ங். கலா உட்காருவது என்று அர்த்தம். கொண்டைக்கடலை கலா பே. கலா என்றால் மேற்கிலிருந்து கடல் தாண்டி வந்தவன். ஒரு காலத்தில் வெள்ளைக்காரனையும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னார்களாம். பிற்பாடு அது நமக்கு மட்டும் என்று ஆகி, வசவாகவும் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை "கலா, கலா" என்று கூப்பிட்ட பிள்ளைகளோடுதான் நான் விளையாடினேன். அவர்கள் திட்டினார்களா, சும்மா கூப்பிட்டார்களா என்று இன்றைக்கு யோசித்தாலும் சொல்லத் தெரியவில்லை. குரலைப் பொறுத்தது.

நான் ரங்கூனில் பிறந்தவள். காரைக்குடி பர்மா காலனிக்கு வந்தபோது வயது ஒன்பது. இங்கே எல்லோரும் 1942 பற்றியே பேசுகிறீர்கள், விரட்டியது என்றால் எங்களுக்கு 1964தான். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் சர்க்கார் கைக்குப் போயின. 1964 மார்ச்சில் கடைகள். அப்பாவுக்கு இருந்தது ஒரு சின்ன மளிகைக் கடை, நிலமும் கிடையாது, வட்டியும் கிடையாது. ஒரு நாள் காலையில் சிப்பாய் வந்து நின்று, கடையில் இருந்த புளி, மிளகாய் வரைக்கும் எடை போட்டு எழுதிக்கொண்டு, வாசலில் ஒரு பலகை மாட்டிவிட்டான். எங்கள் வீட்டில் வேலை பார்த்த பர்மியப் பெண் உள்ளே போய் அழுதுகொண்டே எங்களுக்குச் சோறு போட்டாள். ரெண்டு மாதம் கழித்து, மே 17 அன்று, 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பா அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை, கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். துறைமுகத்தில் அம்மா காதில் இருந்த தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். தூர்ந்துவிடக் கூடாது என்று ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்து ஓட்டையில் செருகிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். மூன்று லட்சம் பேர் அப்படி வந்தோம் என்கிறார்கள்.

இங்கே வந்து சேர்ந்தால், எங்களுக்கு ஊரில் பெயர் பர்மாக்காரன். அங்கே கலா, இங்கே பர்மாக்காரன். அம்மா புடவை கட்டாமல் லுங்கி கட்டுகிறார் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிச் சிரித்தார்கள். பர்மாவில் பணம் பண்ணிய வீடுகளின் தேக்குக் கதவைப் பார்த்துக்கொண்டே நாங்கள் அந்தத் தெருவழியாக ரேஷன் கடைக்குப் போவோம். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். அந்த ஒப்பந்தமும் 1964தான்.

சில பேருக்கு இங்கே ஒட்டவில்லை. திரும்பப் போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போய், தாமு எல்லையில் தடுத்ததும் இந்தப் பக்கம் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, சங்கம் வைத்து, இன்றைக்கும் அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். என் பெரியம்மா பர்மாவைவிட்டு வரவே இல்லை. 1982 குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு முழுக் குடியுரிமை இல்லை. அட்டைக்கு நிறம் உண்டு, முழுக் குடிமகனுக்கு ஒரு நிறம், மற்றவர்களுக்கு வேறு. ரோஹிங்யா ஜனங்களுக்கு எந்த நிறமும் இல்லை என்று ஆனது அதே சட்டத்தால்தான். செட்டியார் போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது, நிலமும் போய்விட்டது, கலா என்ற சொல் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதனால் நிலத் தகராறுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நிலத் தகராறில்தான் அந்தச் சொல் வசவானது, ஆனால் அப்புறம் அதற்கு நிலம் தேவைப்படவில்லை.

உங்கள் தோழியிடம் ஒன்று கேளுங்கள், அவள் அம்மா கொண்டைக்கடலையை என்ன சொல்லி வாங்குவார் என்று. சும்மா கேளுங்கள், சண்டைக்கு இல்லை.

---

பள்ளத்தூர்ப் பேத்தி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், சட்டம் போட்டு மாட்டக் காசு யார் கொடுப்பது என்று இருபத்து மூன்று புள்ளியின் வாட்ஸப் குழுவில் இப்போது விவாதம் நடக்கிறது.

ஓ.சிறுவயல் ரோடு அண்ணன் கேட்டது தூங்கவிடவில்லை. தலைப்பை மாற்றலாம் என்று பார்த்தேன், இங்கே மாற்ற முடியாதாம். நேற்று ராத்திரி அப்பத்தாவுக்குப் போன் போட்டு, நம் கடைப் பேரேடு எப்படி ஊருக்கு வந்தது என்று கேட்டேன். "எல்லாரும் கப்பல்லதான வந்தாக" என்றார்கள். பேரேடும் கப்பலிலா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது பின்னால வந்துச்சு. யாரோ கொண்டாந்து குடுத்தாக. எங்க மாமியா சொல்லுவாக, அந்த ஆளுக்குக் காலு வீங்கிப்போயி வாசப்படி ஏற முடியல, முகப்புலயே ஒக்கார வச்சுச் சோறு போட்டோம்னு." பெயர் கேட்டேன். தெரியவில்லை.

அது உங்கள் ஐயாவாக இருக்க வேண்டும் என்றில்லை அண்ணே, எத்தனையோ பேர் அப்படி வந்திருப்பார்கள், நான் எதையும் கோத்துச் சொல்லவில்லை. ஆனால் தம்பியை வீடியோவில் பேரேட்டைத் திறக்கச் சொல்லி, தமிழ் எண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செலவுப் பற்று அங்கேதான் இருக்கிறது. எண்ணெய், விளக்கு, வண்டிக் கூலி, தைப்பூசக் காணிக்கை, சம்பளம். கடன் வாங்கிய பர்மியர் ஒவ்வொருவருக்கும் ஊர், தகப்பன் பெயர் வரை எழுதியிருக்கிறார்கள். சம்பளப் பற்றில் மாதா மாதம் ஒரே மாதிரி ஒரு வரி வருகிறது: 'சமையல், ரூ. 8'. பெயர் எங்கேயும் இல்லை.